வீட்டுக்குள் ஓர் ஒலியகம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வலையொலிக்கென வீட்டிலேயே ஒலிப்பதிவு அறை அமைப்பது எவ்வாறு என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். இலக்கணம் நடத்தும் ஆசிரியைக்கு இத்தலைப்பு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தமிழில் ஒலியைப் பற்றி முதலில் ஆராய்ந்தவர்கள் பொறியாளர்கள் அல்லர்; இலக்கண ஆசிரியர்களே. நெஞ்சு, மிடறு, தலை, நா, அண்ணம், பல், இதழ், மூக்கு என எட்டு இடங்களைக் குறித்து, ஓர் எழுத்து எங்கே எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பிறப்பியலில் தொல்காப்பியர் வகுத்துக் காட்டினார். கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் கொண்டு ஒலியின் கால அளவை அளந்தார். ஆகவே இத்தலைப்பு நம் வீட்டுத் தலைப்பே என்னும் உரிமையோடு தொடங்குகிறேன்.

வலையொலி என்பது யாது? வானொலி ஒலிபரப்பும் நேரத்தில்தான் கேட்க வேண்டும். வலையொலியைக் கேட்பவர் விரும்பும் நேரத்தில் கேட்கலாம். பதிவு செய்த பேச்சினை இணையத்தில் ஏற்றிவைத்தால், தொடர்ந்து கேட்க விரும்புவோரின் கைப்பேசிக்கு அது தானே வந்து சேரும். 'பாட்காஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல் 2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் பிறந்தது. சென்னை வானொலி நிலையம் 1938 ஆம் ஆண்டும் திருச்சி வானொலி நிலையம் 1939 ஆம் ஆண்டும் தொடங்கின. அந்நாள் முதல் நெடுங்காலம் ஒரு கவிஞரின் குரல் ஊர் கடந்து கேட்க வேண்டுமானால் நிலையத்தின் அழைப்பு வேண்டும். இன்று அவ்வழைப்பு இல்லாமலேயே ஒருவர் தம் வீட்டுக் கூடத்திலிருந்து உலகத் தமிழரோடு பேசலாம். அதற்கு வேண்டியவை எவை என்பதையே இவ்வுரையில் எடுத்துரைக்க விழைகிறேன்.

குரலின்றி நிற்கும் கவிதைகள்

முதலில், இதற்கு ஏன் முயல வேண்டும் என்னும் வினாவுக்கு விடை கூறுதல் முறை. நம் யாப்பு நூல்கள் பாவகையை ஓசையால் வகுத்தன. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று மாணவர்க்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் அவ்வோசை எவ்வாறு இருந்தது என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் நாம் காட்டுவதற்கு ஏடு உண்டு, குரல் இல்லை.

இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. எடிசன் ஒலிப்பதிவுப் பொறியை உருவாக்கியது 1877 ஆம் ஆண்டில். 1902 ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இசைத்தட்டுக்காக இந்தியக் கலைஞர்களின் குரல்கள் பதிவு செய்யப்பட்டுவிட்டன. பாரதியார் மறைந்தது 1921 இல். தம் பாடல்கள் பலவற்றுக்கு இராகம் குறித்தவர் அவர். தாமே பாடியும் காட்டியவர். ஆயினும் அவருடைய குரல் நமக்குக் கிடைக்கவில்லை. அதே காலப்பகுதியில், கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகள் அளவாய்வின் தொடர்பாக 1913 முதல் 1929 வரை பல மொழிகளில் பேச்சு மாதிரிகள் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டன. அவற்றுள் தமிழும் உண்டு. மொழிமாதிரிக்காக ஒரு கதையைச் சொன்னவரின் குரல் இன்றும் ஒலிக்கிறது. மகாகவியின் குரல் இல்லை. கருவி இல்லாததால் நேர்ந்த இழப்பன்று இது. பதிவு செய்ய வேண்டும் என்னும் எண்ணம் உரிய இடத்தில் தோன்றாமையால் நேர்ந்த இழப்பு.

நம் வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்துள்ளன. படிக்கப்பட்ட கவிதைகளுள் சிறந்தவை ஆண்டுத் தொகுப்புகளாக அச்சேறியுள்ளன. அவற்றைப் படித்த குரல்கள் எங்கே? நம்மோடு முன்வரிசையில் அமர்ந்திருந்து இன்று இல்லாத மூத்தோரின் கவிதைகள் நூலில் உள்ளன. எந்தச் சொல்லில் அவர்கள் நின்றார்கள், எந்த அடியை இருமுறை படித்தார்கள் என்பதெல்லாம் நம் நினைவோடு மறையப் போகின்றன. ஒலியகம் அமைப்பது பொழுதுபோக்கு முயற்சி அன்று என்பதற்கு இதற்கு மேலும் காரணம் வேண்டுமோ?

அறையே முதற்கருவி

ஒலிப்பதிவு என்றதும் எந்த ஒலிவாங்கி வாங்கலாம் என்பதே பலர் கேட்கும் முதல் கேள்வி. என் துணிபு வேறு. முதற்கருவி அறையே. விலையுயர்ந்த ஒலிவாங்கியை வெற்றறையில் வைத்தால் அது அந்த வெறுமையைத்தான் மிகத் துல்லியமாகப் பதிவு செய்யும்.

நம் வீடுகளை நோக்குக. மேலே கான்கிரீட் கூரை. கீழே பளிங்கோ ஓடுகளோ பதித்த தரை. சுற்றிலும் பூசிய சுவர். வெயிலுக்கும் தூய்மைக்கும் ஏற்ற இவ்வமைப்பு ஒலிக்கு ஏற்றதன்று. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். பத்தடி அறையில் ஒரு சொல்லை உரக்கச் சொன்னால் அது ஒரு நொடிக்குள் நூறு முறைக்கு மேல் சுவருக்குச் சுவர் ஓடக்கூடும். ஒவ்வொரு மோதலிலும் சுவர் சிறிதளவே உறிஞ்சும். எனவே முதற்சொல் அடங்குமுன் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. இதனை எதிர்முழக்கம் என்பர். நேரில் பேசும்போது நம் செவியும் மனமும் இதனை ஒதுக்கிவிடுகின்றன. ஒலிவாங்கிக்கு அந்த விவேகம் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலப் பதிவு அமைவதற்குக் காரணம் இதுவே.

இதற்கான மருந்தைக் கண்டவர் வாலஸ் கிளமென்ட் சாபின் என்னும் இயற்பியல் ஆசிரியர். அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே விளங்கவில்லை. ஓர் ஒலி அடங்க ஏறத்தாழ 5.5 நொடி ஆயிற்று. 1895 ஆம் ஆண்டு அதனைச் சீர்செய்யும் பொறுப்பு இளைஞரான அவரிடம் வந்தது. அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, இத்தனை மெத்தைக்கு இத்தனை நொடி குறைகிறது என்று இரவுகளில் அளந்தார். தம் செவியையே அளவுகோலாகக் கொண்டார். கட்டட ஒலியியல் என்னும் துறை அவ்வாறு மெத்தைகளிலிருந்து பிறந்தது. அவர் கண்ட உண்மை எளிது: மென்மையானதும் தடித்ததும் நுண்துளை உடையதுமான பொருள் ஒலியை விழுங்கும்.

இப்போது நம் வீட்டைத் திரும்பிப் பாருங்கள். இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறது. பவானிக்கு அண்மையில் வாழும் நமக்கு ஜமக்காளத்துக்குப் பஞ்சமில்லை. பழைய போர்வைகள் உள்ளன. கவிஞர் வீடாயின் புத்தக அலமாரியும் இருக்கும்; சமமற்ற உயரங்களில் அடுக்கிய நூல்கள் ஒலியைச் சிதறடித்து, ஒரே திசையில் திரும்பாமல் காக்கும். பேசுபவரின் முதுகுக்குப் பின்னே மெத்தையைச் சாய்த்து நிறுத்துங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். பக்கச் சுவரில் இரட்டையாய் மடித்த போர்வையைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டியதைவிட இடைவெளி விட்ட துணியே மிகுதியாக உறிஞ்சும். பிறகு கை தட்டிப் பாருங்கள். முன்பு கேட்ட 'கணீர்' ஒலி மறைந்து தட்டல் மட்டும் கேட்டால் அறை ஆயத்தமாயிற்று.

நீளமும் அகலமும் உயரமும் ஒத்த அறையைத் தவிர்ப்பது நலம். அத்தகைய அறையில் சில தாழ்ந்த ஒலிகள் மட்டும் மிகுந்து முழங்கும். ஆண் குரலில் இது தெளிவாகத் தெரியும். அறையின் நட்ட நடுவில் அமர்வதும் ஆகாது. தனி அறையே இல்லாதவர் சேலைகளும் வேட்டிகளும் தொங்கும் அலமாரியின் கதவுகளைத் திறந்துவைத்து, அதன் எதிரே துணியை நோக்கி அமர்ந்து படிக்கலாம். சிறிய பதிவுக்கு அதனினும் சிறந்த ஒலியகம் எளிதில் வாய்க்காது.

ஓர் எச்சரிக்கை. உள்ளே எழும் ஒலி முழங்காமல் காப்பது வேறு. வெளியே எழும் ஒலி உள்ளே வராமல் தடுப்பது வேறு. முன்னதற்கு மென்மை வேண்டும். பின்னதற்குக் கனமும் காற்றுப் புகா இறுக்கமும் வேண்டும். மெல்லிய ஸ்பாஞ்சுப் பலகைகளைச் சுவரெங்கும் ஒட்டினாலும் தெருவில் போகும் லாரியின் ஓசை உள்ளே வரத்தான் செய்யும். முட்டை அடுக்கும் அட்டைகளை ஒட்டும் வழக்கமும் உண்டு. அவற்றால் தெரு ஓசையும் நிற்பதில்லை. எதிர்முழக்கமும் போதிய அளவு குறைவதில்லை.

பொழுதறிதல்

வெளியோசையைக் கனத்த சுவரால் தடுக்கப் பெரும்பொருள் வேண்டும். பொழுதால் தடுக்கப் பொருள் வேண்டாம். மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்று நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர் நம் முன்னோர். ஒலிப்பதிவு செய்ய முனைபவர் தம் தெருவுக்கு ஒரு சிறுபொழுது அட்டவணை எழுதிக்கொள்ள வேண்டும். காலையில் பால்காரர் வண்டியும் குக்கர் விசிலும், முற்பகலில் ஒலிபெருக்கி கட்டிய காய்கறி வண்டி, நண்பகலில் காகமும் அணிலும், மாலையில் பிள்ளைகளும் தொலைக்காட்சியும், யாமத்தில் தெருநாய்கள். விசைத்தறி ஓடும் தெருவினர்க்கு அந்த அட்டவணையும் பயன்படாது. தறி நிற்கும் வார விடுமுறையே அவர்களுக்குப் பதிவு நாள். மற்றையோர்க்குப் பெரும்பாலும் எஞ்சுவது வைகறை. மார்கழி, தைத் திங்களின் வைகறையில் மின்விசிறியும் வேண்டுவதில்லை.

மின்விசிறி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விசிறியின் ஓசை நமக்குப் பழகிவிட்டதால் அது ஓசையாகவே தோன்றுவதில்லை. பதிவில் அது காற்று வீசும் கடற்கரையாகக் கேட்கும். பதிவு செய்யும் பத்து நிமிடமும் விசிறியை நிறுத்துவதே வழி. குளிர்ப்பெட்டி அடுத்த அறையில் இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். கைப்பேசியை விமான நிலையில் வையுங்கள். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு, படிக்கத் தொடங்குமுன் பத்து நொடி எதுவும் பேசாமல் அறையின் அமைதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் தனி அமைதி உண்டு. பின்னர்ப் பதிவைத் திருத்துகையில் ஏதேனும் ஓரிடத்தை வெட்டி இணைக்க நேர்ந்தால், அந்த இடைவெளியை நிரப்ப அதே அறையின் அமைதிதான் பொருந்தும்.

ஒலிவாங்கி

அறை அமைந்த பின்னர்க் கருவி. இரு வகை ஒலிவாங்கிகளை அறிந்துகொண்டால் போதும். காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் அசைவதால் மின்னலையை உண்டாக்குவது டைனமிக் வகை. மெல்லிய தகடு ஒன்று அசைவதால் மின்தேக்குதிறன் மாறி இயங்குவது கண்டன்சர் வகை. பின்னது நுண்ணியது, மூச்சின் நலுங்கலையும் பற்றும். அதனாலேயே அடுத்த வீட்டுத் தாளிப்பு ஓசையையும் பற்றும். முன்னதை வாயருகே வைத்துப் பேசினால் தொலைவோசைகள் பின்னடையும். ஓசை மிகுந்த நம் தெருக்களுக்கு டைனமிக் வகையே பெரிதும் ஏற்றது. எதுவாயினும் முன்புற ஒலியை மிகுத்தும் பின்புற ஒலியைக் குறைத்தும் வாங்கும் கார்டியாய்டு அமைப்புடையதைத் தேர்ந்தெடுங்கள். அதன் முதுகுப்புறம் சன்னலை நோக்குமாறு வைத்தால் பாதி வேலை முடிந்தது.

கணினியோடு நேரே யுஎஸ்பி கம்பியால் இணையும் ஒலிவாங்கிகள் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. தொடங்குவோர்க்கு அது போதும். இருவர் உரையாடும் நேர்காணலுக்கு இரண்டு ஒலிவாங்கிகளும் அவற்றைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் இடைக்கருவியும் வேண்டும். கண்டன்சர் வகைக்கு 48 வோல்ட் மின்னழுத்தத்தையும் அவ்விடைக்கருவியே தரும். இவற்றோடு காதை மூடி நிற்கும் ஹெட்போன் ஒன்று தவிர்க்க இயலாதது. ஒலிபெருக்கியில் கேட்டுத் திருத்தினால் அறையின் குறை பதிவின் குறையை மறைத்துவிடும். எதுவும் வாங்க இயலாதவர், துணி அலமாரியின் முன் நல்ல கைப்பேசியைக் கொண்டே தொடங்கலாம். வெற்றறையில் விலையுயர்ந்த ஒலிவாங்கியைவிடத் துணிகளுக்கு நடுவே கைப்பேசி மேலானது.

மேடைக் குரலும் செவிக் குரலும்

கவிஞர்களுக்கென்றே ஒரு செய்தி. நம் கவியரங்க மரபு முழக்க மரபு. கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்னும் பயிற்சியில் வளர்ந்த குரல் நம்முடையது. வலையொலி கேட்பவர் கடைசி வரிசையில் இல்லை. ஒலிவாங்கியிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கிறார். பேருந்திலோ அடுப்படியிலோ தனியே இருந்து செவியில் பொருத்திய கருவி வழியே கேட்கிறார். அகப்பாடல்களின் கூற்றுமுறையை எண்ணிப் பாருங்கள். தலைவி தோழிக்குச் சொல்கிறாள். தோழி தலைவனுக்குச் சொல்கிறாள். அவை கூட்டிச் சொல்வதில்லை. அந்தக் கூற்றுக்குரிய குரலே வலையொலிக்கு உரியது. முழக்கம் புறத்துக்கு ஆகுக. இங்கே வேண்டுவது அகத்தின் குரல்.

ஒரு சாண் தொலைவைவிட நெருங்கினால் குரலின் கீழொலி மிகும். கார்டியாய்டு ஒலிவாங்கிகளின் இயல்பு அது. அதனைக் கம்பீரம் எனக் கருதி நெருங்குவோர் உண்டு. சொற்கள் குழம்பிவிடும். நம் வல்லின எழுத்துகள் ஆங்கிலத்தில் போல மூச்சுத் தெறிக்க ஒலிப்பவை அல்ல; ஆயினும் உணர்ச்சி மிகும்போது பகரம் குண்டு வெடித்தது போலப் பதிவாகும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் நடுவே மெல்லிய வலைத்தட்டியை நிறுத்துவதும், நேர் எதிரே பேசாமல் சற்றுப் பக்கவாட்டில் அமர்ந்து பேசுவதும் அதற்குத் தீர்வு. தாளைப் புரட்டும் ஓசை கேட்காமலிருக்க ஒரு பக்கத்துக்குள் கவிதையை எழுதிக்கொள்ளுங்கள்.

திருத்தமும் குற்றியலுகரமும்

பதிவைத் திருத்துவதற்கு 2000 ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் 'ஆடாசிட்டி' என்னும் மென்பொருள் போதும். பதிவு செய்யும்போது குரலின் உச்சம், கருவி தாங்கும் எல்லைக்கு ஏறத்தாழ 12 டெசிபல் கீழே நிற்குமாறு அளவை வைத்துக்கொள்ளுங்கள். எல்லையை மீறிய ஒலி சிதைந்துவிடும். அதனைப் பின்னர்ச் சீர்செய்தல் அரிது.

திரையில் குரல் அலையாக விரிவதைக் காணும் இலக்கண ஆசிரியருக்கு அது ஒரு தனி இன்பம். குறிலும் நெடிலும் நீளத்தால் வேறுபடுவது கண்ணுக்கே தெரியும். 'பக்கம்' என்று சொன்னால் ககரம் இரட்டிக்குமிடத்தில் ஒரு சிறு வெற்றிடம் தோன்றும். மாத்திரையைப் பாடமாக மனனம் செய்த என் மாணவியர், தம் குரலின் அலையைத் திரையில் கண்டபோதே அதனைப் பொருளாக உணர்ந்தனர்.

இங்கேதான் பெரிய இடர் ஒன்றும் இருக்கிறது. பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி இம்மென்பொருள்களில் உண்டு. அது மிகமெல்லிய ஒலிகளை இரைச்சல் எனக் கருதி நீக்குகிறது. தமிழில் மிகமெல்லிய ஒலி எது? சொல்லின் ஈற்றில் அரை மாத்திரையாகக் குறுகி நிற்கும் குற்றியலுகரம். அளவுக்கு மீறி இரைச்சலை நீக்கினால் 'காடு', 'பாட்டு', 'அன்பு' ஆகியவற்றின் ஈற்று உகரம் தேய்ந்து, சொல் நடுவில் முறிந்தது போல நிற்கும். அடியீற்றின் மகர, னகர மெய்களும் அவ்வாறே நலியும். எந்த மென்பொருளும் குற்றியலுகரத்தை அறிந்து இயங்குவதில்லை, அறிந்தவர் நாமே. ஆதலின் இரைச்சலைத் திருத்தத்தில் நீக்குவதைவிட அறையிலேயே தவிர்ப்பதுதான் தமிழ்க் கவிதைக்குச் செய்யும் நன்மை. ஓரிரண்டு அடிகளுக்கு இடையே காகம் கரைந்தால் கரையட்டும். உகரம் உயிரோடு இருக்கட்டும். அடிகளுக்கு இடையே கவிஞர் விட்ட மௌனத்தையும் சுருக்கிவிடாதீர்கள். அம்மௌனமும் யாப்பின் பகுதியே.

கொளுவும் படியும்

பதிவு செய்தால் மட்டும் போதாது; காக்க வேண்டும். புறநானூற்றுப் பாடல்களின் கீழே திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் குறித்த கொளு இல்லையேல் அப்பாடல்களின் வரலாற்றுப் பயன் பாதியாகக் குறைந்திருக்கும். பெயர் அறியப்படாத புலவரைப் பாடலின் தொடராலேயே அழைக்கும் நிலை நேர்ந்ததற்குச் செம்புலப்பெயனீரார் சான்று. அவர்க்கு அப்படியொரு தொடரேனும் வாய்த்தது. நம் பதிவுகளுக்கு 'ஆடியோ ஒன்று', 'புதிய பதிவு ஏழு' என்று கணினி வைத்த பெயர்களே நிலைத்தால் வருங்காலத்தார் என்ன செய்வர்? ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கவிஞர் பெயர், படிப்பவர் பெயர், நாள், ஊர், கவிதை எழுதிய ஆண்டு ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லுங்கள். கோப்பின் பெயரிலும் அவற்றை எழுதுங்கள். அதுவே நம் கொளு.

மூலப்பதிவைச் சுருக்காத 'வேவ்' வடிவில் காக்க வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் நுட்பம் என்னும் அளவில் ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 520 மெகாபைட் இடம் கொள்ளும். இணையத்தில் ஏற்றும் 'எம்பி3' வடிவம், நொடிக்கு 96 கிலோபிட் அளவில், ஏறத்தாழ 43 மெகாபைட்டில் அடங்கும். கேட்போர்க்குச் சுருக்கிய வடிவம். காப்பகத்துக்கு மூல வடிவம். இரண்டையும் குழப்பலாகாது.

ஓலைச்சுவடி நிலைத்தது ஓலையின் வலிமையால் அன்று. மீண்டும் மீண்டும் படியெடுத்தோரின் உழைப்பால். படியெடுக்காத சுவடிகளைச் செல்லும் நீரும் நெருப்பும் கொண்டன. ஒலிக்கும் அதே விதி. 1963 இல் அறிமுகமான ஒலிநாடாக் கேசட் நம் வீடுகளில் பூசணம் பிடித்துக் கிடக்கிறது. அதனை இயக்கும் பொறியும் அரிதாயிற்று. இணைய நிறுவனங்களும் நிலையானவை அல்ல. கூகுள் நிறுவனம் 2018 இல் தொடங்கிய வலையொலிச் செயலி 2024 இல் நிறுத்தப்பட்டது. எனவே மூன்று படிகள் வேண்டும். இரு வேறு வகைச் சேமிப்பில் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். 1996 இல் நிறுவப்பட்ட 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' போன்ற பொதுக் காப்பகங்களில் ஒலிக்கோப்புகளைக் கட்டணமின்றி ஏற்றிவைக்கலாம்.

உரிமை குறித்து ஒரு சொல். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை அவர் படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் நீங்கலாக, பிறர் கவிதையைப் படிக்குமுன் இசைவு பெறுங்கள். பின்னணியில் திரையிசையைச் சேர்ப்பதைத் தவிருங்கள். நல்ல கவிதைக்குப் பின்னணி வேண்டுவதில்லை.

யாருக்கு வாய்க்கும் அந்த அமைதி?

இதுவரை கூறியவற்றைத் தொகுத்தால் ஒன்று விளங்கும். ஒலியகம் அமைப்பது பொருள் சேர்க்கும் வேலை அன்று. வீட்டுக்குள் அரைமணி நேர அமைதியை உண்டாக்கும் வேலை. மெத்தையும் ஜமக்காளமும் எல்லார் வீட்டிலும் உண்டு. அமைதி எல்லாருக்கும் உண்டா என்பதே கேள்வி.

நம் வட்டத்தின் மாதக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு நடைபெறுகிறது. ஆறு மணி என்பது பெண்ணுக்கு எத்தகைய சிறுபொழுது என்று விளக்க வேண்டியதில்லை. அஞ்சலில் கவிதை அனுப்பி, தொகுப்பில் இடம் பெற்று, இன்றுவரை இம்மேடையில் ஏறாத பெண் உறுப்பினர் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் எழுத்து நமக்குத் தெரியும், குரல் தெரியாது. அவர்களுள் ஒருவர், பள்ளி ஆசிரியை, குழந்தை உறங்கிய பின் துணி அலமாரியின் கதவுகளுக்கு இடையே அமர்ந்து தம் கவிதைகள் நான்கினைக் கைப்பேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்பினார். மூன்றாம் கவிதையின் நடுவில் குழந்தை சிணுங்குகிறது. ஒரு கணம் நிறுத்தி, தட்டிக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். அப்பகுதியை வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தார். வெட்ட வேண்டாம் என்றே எழுதினேன். அக்கவிதை எந்த வீட்டில், எந்த நேரத்தில், எதனிடையே பிறந்தது என்பதற்கு அந்தச் சிணுங்கலே கொளு.

வீட்டு ஒலியகத்தின் பெரும்பயன் இதுவே. கூட்டத்துக்கு வர இயலாதவரிடம் கூட்டத்தை அது கொண்டு செல்கிறது. முதுமையால் படியிறங்க முடியாதவர், இரவுப் பணி செய்பவர், அவை அஞ்சுபவர் ஆகிய அனைவருக்கும் அது மேடை. ஆனால் அம்மேடை அமைய வீட்டார் ஒத்துழைக்க வேண்டும். ஆடவர் எழுதும்போது வீடு ஓசை அடக்குகிறது. பெண் படிக்கும்போதும் அவ்வாறே தொலைக்காட்சியை நிறுத்தவும் குக்கரைக் கவனித்துக்கொள்ளவும் ஒருவர் எழ வேண்டும். எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லாத அக்கருவியைத்தான் நான் முதன்மையாகப் பரிந்துரைக்கிறேன்.

நிறைவாக, வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: வட்டத்தின் பொதுநிதியில் ஓர் ஒலிவாங்கி, ஒரு ஹெட்போன், ஒரு வலைத்தட்டி ஆகியவற்றை வாங்கி ஒரு பையில் வைப்போம். அப்பை, சீட்டுப் பணம் முறைவைத்துச் செல்வது போல, மாதம் ஒரு வீடாகச் செல்லட்டும். இரண்டு: முதல் முறை எழுபது வயது கடந்த உறுப்பினர்களுக்கு உரியதாகுக, அடுத்த முறை இம்மேடை ஏறாத பெண் கவிஞர்களுக்கு உரியதாகுக. இளைஞர்கள் காத்திருக்கலாம், மெத்தை சுமக்கவும் கம்பி இணைக்கவும் அவர்கள் உடன் செல்லட்டும். மூன்று: ஒவ்வொருவரும் தம் கவிதைகளுள் ஐந்தினைத் தம் குரலில் படித்துக் கொளுவோடு காப்பகத்தில் சேர்க்கட்டும்.

இவை நடந்தால் இருபதாம் ஆண்டு மலருக்கு எழுத்தோடு குரலும் துணை நிற்கும். அகவலோசை எது என்று கேட்கும் மாணவிக்கு அன்றும் நம்மிடம் முழு விடை இராது. இந்நாளில், இவ்வூரில், எங்கள் கவிஞர்கள் இவ்வாறு படித்தார்கள் என்று சொல்லிக் கேட்கச் செய்யவாவது இயலும்.